தொட்டி எரிந்த இரவும் இரண்டு பல் பூண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் 'கிருமிகளின் ரகசியப் பேச்சு' என்ற முழுப்பக்கக் கட்டுரை வந்திருந்தது. நோய்க் கிருமிகள் ரசாயனம் மூலம் ஒன்றுக்கொன்று சேதி சொல்லிக்கொள்கின்றன என்பதைப் பள்ளிப் பிள்ளைக்கும் புரிகிற மாதிரி எழுதியிருந்தார்கள். அதற்கு முதலில் நன்றி. கத்தரித்து வைத்துக்கொண்டேன். ஆனால் "அவற்றின் பேச்சை நிறுத்தினால் நோய் நிற்கும்" என்று முடித்த கடைசிப் பத்தியும், அந்தப் பேச்சை நிறுத்தப் பூண்டு சாப்பிடச் சொல்லிப் பக்கத்திலேயே கட்டம் கட்டிப் போட்டிருந்த 'தினமும் இரண்டு பல் பூண்டு' குறிப்பும் நெஞ்சில் உறுத்திக்கொண்டே இருந்தன. போகட்டும் என்று இரண்டு நாள் விட்டுவிட்டேன். மூன்றாம் நாள் எங்கள் ஊர் இறால் தீவனக் கடையில் ஒன்றைப் பார்த்தேன். அதன் பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை. என்ன பார்த்தேன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

நான் டாக்டரும் இல்லை, விஞ்ஞானியும் இல்லை. விலங்கியலில் பி.எஸ்சி. 1993-இல் தொடங்கி 26 வருடம், மரக்காணம் சுற்றுவட்டாரத்தில் இறால் குஞ்சு பொரிப்பகங்களில் ஆய்வக வேலை பார்த்தேன். ஹேச்சரி என்றுதான் நாங்கள் சொல்வோம். ஆய்வகம் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ளாதீர்கள். ஒரு மேசை, ஒரு மைக்ராஸ்கோப், ஒரு இன்குபேட்டர், ஆட்டோகிளேவ் வாங்கும்வரை ஒரு பெரிய பிரஷர் குக்கர். தினமும் ஒவ்வொரு தொட்டியிலிருந்தும் தண்ணீர் எடுத்து பிளேட்டில் (கிருமி வளர்க்கும் கூழ் ஊற்றிய தட்டு) தேய்த்து, மறுநாள் முளைத்திருக்கும் கிருமிப் புள்ளிகளை எண்ணி நோட்டில் எழுத வேண்டும். அந்த நோட்டில் 26 வருடமும் ஒரு பெயர் திரும்பத் திரும்ப வரும். விப்ரியோ ஹார்வேயி என்ற கடல் கிருமி.

கட்டுரையில் அந்தப் பெயர் ஒரே ஒரு இடத்தில் வந்து போகிறது. எனக்கு அது ஒரு இரவு.

நான் வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது ஐப்பசி. நல்ல மழை. இரவு ஒன்பது மணி வாக்கில் கரண்ட் போய்விட்டது. ஜெனரேட்டர் உடனே எடுக்கவில்லை. காற்று ஊதும் புளோயர் நின்றதும் ஹேச்சரிக்குள் ஒரு பயங்கர அமைதி. அந்தச் சத்தம் நின்றால் எங்களுக்கு அடிவயிறு கலங்கும், குஞ்சுகளுக்குக் காற்று இல்லை என்று அர்த்தம். டார்ச் தேடிக்கொண்டிருந்தபோது நைட் ட்யூட்டிப் பையன் உள்ளேயிருந்து கத்தினான். "அக்கா, நாலாம் நம்பர் தொட்டி எரியுதுக்கா!"

போய்ப் பார்த்தால் தண்ணீர் முழுக்க நீலப் பச்சையாக ஒரு வெளிச்சம். பத்து டன் தொட்டி. டியூப்லைட் எரியும்போது சாதாரணத் தண்ணீராகத்தான் இருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒளி மங்கிக்கொண்டு வந்தது. பையன் பிளாஸ்டிக் பீக்கரால் ஒரு அடி அடித்தான். அடித்த இடத்தில் பளிச்சென்று ஏறியது. (அந்த ஒளி வருவதற்குக் கிருமிக்கு ஆக்சிஜன் வேண்டும். புளோயர் நின்றதால் மங்கியது, கலக்கியதால் காற்றுப் பட்டு எழுந்தது. இது பின்னால் தெரிந்துகொண்டது. அன்றைக்கு எனக்கும் கை நடுங்கியது.) விடிந்து பார்த்தால் குஞ்சுகள் பாதி அடியில் படிந்துவிட்டன. மைசிஸ் பருவம், அதாவது குஞ்சு வளர்ச்சியில் ஒரு கட்டம். செத்த குஞ்சை வாட்ச் கிளாஸில் எடுத்துக்கொண்டு பிளீச்சிங் பவுடர் மூட்டை அடுக்கிய அறைக்குள் போய், கதவிடுக்கில் துப்பட்டாவைச் சொருகிவிட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு குஞ்சும் தனித்தனியாக மின்னியது. மூன்றாம் நாள் தொட்டியைத் திறந்து வெளியேற்றினோம்.

அன்றைக்கு எனக்குள் ஒரு கேள்வி விழுந்தது. இதே கிருமி கடல்நீரில் எப்போதும் கொஞ்சம் இருக்கத்தான் செய்கிறது. என் பிளேட்டில் வாரம் தவறாமல் வருகிறது. அப்படியானால் கடல் ஏன் எந்நேரமும் எரியவில்லை? அந்த ஒளிரும் புள்ளியில் ஒன்றை எடுத்து மாலையில் குழம்பில் (ஊட்டத் திரவத்தை அப்படித்தான் சொல்வோம்) போட்டுவிட்டு இரவெல்லாம் மணிக்கொரு தரம் இருட்டறைக்குக் கொண்டுபோய்ப் பார்த்தேன். குழம்பு கலங்குகிறது, கிருமி பெருகுகிறது, ஆனால் ஒளி இல்லை. அப்புறம் ஒரு கட்டத்தில், விளக்கு போட்ட மாதிரி வந்துவிட்டது. ஏன் என்று முதலாளியைக் கேட்டேன். "எரியறது உனக்கு எதுக்கும்மா, சாவறதைப் பாரு" என்றார்.

பதில் அதற்குக் கிட்டத்தட்ட 25 வருடம் முன்பே கிடைத்திருந்தது என்பது எனக்குத் தெரியாது. 1970-இல் அமெரிக்காவில் ஹேஸ்டிங்ஸும் நீல்சனும் அவர்களுடைய சகாக்களும் ஹார்வேயியின் பங்காளியான விப்ரியோ ஃபிஷரியை வைத்து நான் பார்த்த இதே விஷயத்தைத்தான் எழுதியிருக்கிறார்கள். ஒவ்வொரு கிருமியும் ஒரு சின்ன மூலக்கூறைத் தண்ணீரில் விட்டுக்கொண்டே இருக்கிறது. கிருமிகள் கொஞ்சமாக இருந்தால் அது கரைந்து போய்விடும். நெருக்கமாகிவிட்டால் தண்ணீரில் அதன் அளவு ஏறி, திரும்பக் கிருமிக்குள்ளேயே போய் ஒரு சுவிட்சைத் தட்டும். அத்தனையும் ஒரே நேரத்தில் விளக்கேற்றும். கடலில் அது பரந்து கரைந்துவிடுகிறது. பத்து டன் தொட்டியில் சேர்ந்துவிடுகிறது. இவ்வளவுதான் விஷயம்.

இதை என் மகள்தான் எனக்குப் படித்துச் சொன்னாள். பரங்கிப்பேட்டையில் கடல் உயிரியல் படித்தவள். இதற்கு 1994-இல் ஆங்கிலத்தில் வைத்த 'கோரம் சென்சிங்' என்ற பெயரில் 'கோரம்' என்ற சொல் வருகிறது. நம் ஊர் கிராம சபையில் "கோரம் இல்லை, கூட்டம் ஒத்திவைப்பு" என்பார்களே, அதே கோரம். அரசாங்கத் தாளில் குறைவெண் வரம்பு என்று போடுவார்கள். உங்கள் கட்டுரை இதைப் 'பேச்சு' என்றது. எனக்கென்னவோ அதைவிட 'தலை எண்ணுதல்' பொருந்தும் என்று படுகிறது. கிருமி கதை பேசவில்லை, "எத்தனை பேர் வந்திருக்கோம்?" என்று பார்க்கிறது. ஆள் சேர்ந்த பிறகுதான் தீர்மானம். என்ன தீர்மானம் என்பது கிருமிக்குக் கிருமி வேறு. கட்டுரை தவறியது அந்த இடத்தில்தான்.

புண்ணில் பிடிக்கும் சூடோமோனாஸ் ஏருஜினோசா என்ற கிருமியைப் பற்றிக் கட்டுரை சொன்னது உண்மைதான். அதை நான் ஆஸ்பத்திரியில் கண்ணால் பார்த்திருக்கிறேன். 2004-இல் என் கொழுந்தனார் பம்ப் ஸ்டவ் வெடித்துத் தீக்காயப் பிரிவில் இரண்டு மாதம் கிடந்தார். பத்தாம் நாள் கட்டுப் பிரித்தபோது பஞ்சில் நீலமும் பச்சையுமாகக் கறை. நர்சம்மா முகம் மாறிவிட்டது. "பச்சை பிடிச்சிடுச்சு" என்றார். கட்டிலைச் சுற்றித் திராட்சை ஜூஸ் மாதிரி ஒரு இனிப்பு வாசனை. அந்த நிறத்தின் பெயர் பயோசயனின். நிறத்தையும் வாசனையையும் தசையைக் கரைக்கும் நொதியையும் அந்தக் கிருமி தலை எண்ணிய பிறகுதான் அதிகமாகச் சுரக்கிறது. நாலைந்து கிருமி இருக்கும்போதே விஷத்தைக் கக்கினால் உடம்பு விழித்துக்கொண்டு அடித்துத் துரத்திவிடும். அதனால் சத்தம் போடாமல் பெருகி, போதிய ஆள் சேர்ந்ததும் பாய்கிறது. மருந்து உள்ளே போகாதபடி வழவழப்பான ஒரு படலம் கட்டிக்கொள்கிறதே, அதற்கும் இந்த எண்ணிக்கை வேண்டும் என்று 1998-இல் காட்டினார்கள். இந்த மாதிரிக் கிருமியிடம் தலை எண்ணும் வித்தையைக் கெடுத்தால் நமக்கு லாபம். அதுவரை சரி.

ஆனால் காலராவை எடுத்துக்கொள்ளுங்கள். அதுவும் விப்ரியோதான், ஹார்வேயிக்கு ஒன்றுவிட்ட உறவு. அது செய்வது நேர் எதிர். ஆள் குறைவாக இருக்கும்போது குடலில் ஒட்டிக்கொண்டு விஷத்தைச் சுரக்கும். ஆள் பெருகி எண்ணிக்கை நிரம்பியதும் விஷத்தை நிறுத்தி, ஒட்டியிருந்த பிடியை அறுத்துக்கொண்டு வெளியே கிளம்பிவிடும், அடுத்த குளத்துக்கும் அடுத்த ஆளுக்கும் போக. அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் போனி பாஸ்லர் என்ற விஞ்ஞானியின் குழுவும், வேறு சிலரும், 2002, 2003 வாக்கில் இதைக் கண்டுபிடித்தார்கள். இப்போது சொல்லுங்கள், காலராவின் 'பேச்சை நிறுத்தினால்' என்ன ஆகும்? தனியாக இருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு அது விஷத்தை விட்டுக்கொண்டே இருக்கும். 2010-இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் இதைப் புரிந்துகொண்டு தலைகீழாகச் செய்தார்கள். காலரா விடும் அதே சமிக்ஞையைச் சுரக்கும்படி சாதுவான ஒரு குடல் பாக்டீரியாவை மாற்றி, எலிக்குட்டிகளுக்கு முன்கூட்டியே கொடுத்தார்கள். "கூட்டம் நிரம்பிவிட்டது, கிளம்பலாம்" என்று காலராவிடம் பொய் சொன்ன மாதிரி. அந்தக் குட்டிகள் கூடுதலாகப் பிழைத்தன. வாயை மூடவில்லை, பொய்க் கையெழுத்துப் போட்டுக் கோரம் நிரப்பினார்கள். கிராம சபை பார்த்தவர்களுக்கு இது புதிதில்லை.

புண்ணில் சீழ் பிடிக்க வைக்கும் ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ் இன்னொரு விதம். அதன் எண்ணும் வழியை அடைத்தால் விஷம் குறையும், ஆனால் படலம் கெட்டியாகும். செயற்கை மூட்டு, கதீட்டர் வைத்த நோயாளியிடம் எதைச் செய்வது நல்லது என்று டாக்டர்களே யோசிக்க வேண்டிய இடம் அது.

இனி பூண்டு. பூண்டில் உள்ள அஜோயின் என்ற பொருள் சோதனைக் குழாயில் சூடோமோனாஸின் எண்ணும் வேலையைக் குழப்புகிறது என்பது நிஜம். டென்மார்க்கில் செய்த ஆராய்ச்சி. எலிகளிலும் பலன் தெரிந்தது. கட்டுரை அத்தோடு நின்றுவிட்டது. அதற்கு மேலும் நடந்திருக்கிறது. இங்கிலாந்தில், சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற நுரையீரல் நோயால் சூடோமோனாஸ் பிடித்திருந்த 26 பேரை வைத்து, பாதிப் பேருக்குப் பூண்டு எண்ணெய் மாத்திரை, மீதிப் பேருக்கு வெறும் மாத்திரை என்று கொடுத்துப் பார்த்தார்கள். 2010-இல் முடிவு வந்தது. இரண்டு பக்கத்துக்கும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. சின்ன ஆய்வுதான், அதை வைத்துப் பூண்டையே ஒதுக்கச் சொல்லவில்லை. என் வீட்டு ரசத்தில் இரண்டு பல் இல்லை, ஆறு பல் போகும். ஆனால் புண்ணில் பச்சை பிடித்த ஒரு சர்க்கரை நோயாளி உங்கள் கட்டத்தைப் பார்த்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போவதைப் பத்து நாள் தள்ளிப்போட்டால் கால் போய்விடும். என் பயம் அதுதான்.

தீவனக் கடை விஷயத்துக்கு வருகிறேன். என் தம்பி இப்போது வனாமி இறால் வளர்க்கிறான், இரண்டு குட்டை. அவனோடு தீவனம் வாங்கப் போனபோது கடைச் சுவரில் உங்கள் கட்டுரையை ஜெராக்ஸ் எடுத்து, கடைசி வரியைச் சிவப்புப் பேனாவால் கோடிழுத்து ஒட்டியிருந்தார்கள். அதன் கீழே அடுக்கி வைத்திருந்தது ஒரு புது பவுடர். 'கோரம் பிளாக்கர், விப்ரியோவின் வாயை மூடும்' என்று பை மேலே அச்சு. கிலோ 1,400 ரூபாய். "பேப்பர்லயே போட்டுட்டாங்க மேடம்" என்றார் கடைக்காரர்.

என்ன இருக்கிறது என்று கேட்டேன். பேசில்லஸ் பாக்டீரியா, அது விடும் என்சைம் சமிக்ஞையை வெட்டிவிடும் என்றார். முழுப் பொய்யும் இல்லை. 2000, 2001-இல் சிங்கப்பூரில், பேசில்லஸ் ஒன்றிலிருந்து அப்படிப்பட்ட என்சைமைப் பிரித்து, அதன் மரபணுவைப் புகையிலையிலும் உருளைக்கிழங்கிலும் ஏற்றி, அழுகல் நோயைத் தடுத்துக் காட்டினார்கள். ஆனால் அந்த என்சைம் வெட்டுவது லாக்டோன் என்ற ஒரு வகைச் சமிக்ஞையை மட்டும். ஹார்வேயி வைத்திருப்பதோ மூன்று. மூன்று தனித்தனி ரசாயனம், மூன்று தனித்தனி காது, எல்லாம் உள்ளே போய் ஒரே இடத்தில் சேரும். அதில் ஒன்றுதான் லாக்டோன். இன்னொன்றில் போரான் இருக்கிறது என்று 2002-இல் கண்டார்கள். கேரம் போர்டில் தூவும் போரிக் பவுடரில் இருக்கும் அதே போரான். பெல்ஜியத்தில் கெண்ட் பல்கலைக்கழகத்தில், நாங்கள் குஞ்சுகளுக்குத் தீனியாகப் போடும் ஆர்ட்டீமியா என்ற சின்ன உயிரியை வைத்தே சோதித்தார்கள். 2005-இல் வெளிவந்த அந்த ஆய்வில், ஆர்ட்டீமியாவைக் கொல்ல ஹார்வேயிக்குக் கைகொடுத்தது இந்த இரண்டாவது சமிக்ஞைதான். லாக்டோன் வழியைக் கெடுத்தும் அது கொல்லத்தான் செய்தது. அப்படியானால் இந்த பவுடர் எந்தக் கதவை அடைக்கிறது? போதாததற்கு, காரத்தன்மை உள்ள கடல்நீரில் அந்த லாக்டோன் கொஞ்ச நேரத்தில் தானாகவே உடையவும் செய்யும். அதற்கு 1,400 ரூபாய் வேண்டாம்.

இதெல்லாம் கடைக்காரருக்கு எதற்கு என்று, நூறு கிராம் மட்டும் வாங்கிவந்து, பழைய பழக்கம் விடாமல், பழைய ஹேச்சரி ஒன்றில் கேட்டு பிளேட் போட்டேன். பையில் கிராமுக்குக் கோடிக்கணக்கில் உயிருள்ள பாக்டீரியா என்று போட்டிருந்தது. அது நிஜமானால் எண்ண முடியாத அளவுக்கு முளைத்திருக்க வேண்டும். பத்து மடங்கு மட்டும் கரைத்த பிளேட்டில் ஏழு புள்ளி முளைத்தது. இரண்டாவது தடவை ஒன்பது. மீதி தவிட்டுப் பொடி மாதிரி ஏதோ.

இந்தத் துறையில் ஒரு சரித்திரம் இருக்கிறது, அதனால்தான் இவ்வளவு பதறுகிறேன். ஒளிரும் நோய் வந்த புதிதில் ஹேச்சரிகளில் குளோராம்பெனிக்கால் என்ற ஆண்டிபயாட்டிக்கைக் கிலோ கணக்கில் கொட்டினோம். நானும் அளந்து கொடுத்திருக்கிறேன். முதல் தடவை கேட்டது, இரண்டாம் தடவை பாதி கேட்டது, மூன்றாம் தடவை பிளேட்டில் மருந்து தோய்த்து வைத்த காகித வட்டைச் சுற்றியும் கிருமி ஜோராக முளைத்தது. 2002-இல் அந்த மருந்துக்கும் இன்னும் பலவற்றுக்கும் இறாலில் தடை வந்தது. அன்றைக்கும் "கொட்டினால் தீரும்" என்றுதான் சொல்லிக் கொடுத்தார்கள். கொல்லாமல், எண்ணும் வேலையை மட்டும் குழப்பினால் கிருமிக்கு எதிர்ப்புச் சக்தி அவ்வளவு சீக்கிரம் வராது என்ற நம்பிக்கையில்தான் இந்த ஆராய்ச்சியே வளர்ந்தது. 2023-இல் இதன் முன்னோடிகளான பாஸ்லர், கிரீன்பெர்க், சில்வர்மன் மூவருக்கும் கனடாவின் கெய்ர்ட்னர் விருது கொடுத்தார்கள். அருமையான அறிவியல். ஆனாலும் மனிதருக்கு மருந்துக்கடையில் சீட்டுக் காட்டி வாங்குகிற மருந்தாக அது இன்னும் வரவில்லை. இந்த ஒரு வரியைக் கட்டுரை சொல்லியிருந்தால் அந்த ஜெராக்ஸ் சுவரில் ஏறியிருக்காது.

ஆகவே இரண்டு கோரிக்கை. பூண்டுக் கட்டத்துக்கு ஒரு திருத்தத்தை, அதே பக்கத்தில், அதே எழுத்து அளவில் போடுங்கள். காலரா எதிர்மாறாக நடக்கிறது என்பதையும் சேர்த்துப் போட்டால் நல்லது. அந்த இதழ் வந்ததும் ஜெராக்ஸ் எடுத்து நானே கடையில் ஒட்டிக்கொள்கிறேன், அந்தச் செலவு என்னுடையது.

கட்டுரை எழுதியவருக்கு ஒரு வார்த்தை. தம்பியோ தங்கையோ, உங்கள் எழுத்து எனக்குப் பிடித்திருந்தது. விஷயத்தைக் கண்ணாலும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஹேச்சரிக்கு வர வேண்டியதில்லை. ஐஸில் அதிக நாள் கிடக்காத கடல் மீனோ கணவாயோ வாங்குங்கள். குழாய்த் தண்ணீரில் கழுவிவிடாதீர்கள், நல்ல தண்ணீர் பட்டால் மீன் மேல் இருக்கும் ஒளிரும் கிருமி செத்துவிடும். கடல்நீர் அளவுக்கு உப்புக் கரைத்த தண்ணீரில் பாதி முங்கும்படி ஒரு தட்டில் வைத்து, ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் ஒன்றிரண்டு நாள் விடுங்கள். பிறகு நடுராத்திரியில் சமையலறை விளக்கை அணைத்து, ஃப்ரிட்ஜ் பல்பையும் ஒரு துணியால் மறைத்து, கண் பழகப் பத்து நிமிடம் பொறுத்துப் பாருங்கள். எல்லா மீனிலும் ஒளி வராது, இரண்டு மூன்று தடவை முயல வேண்டியிருக்கும். வீட்டில் உள்ளவர்களிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். என் மாமியார் தட்டோடு கொல்லையில் வீசிவிட்டார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஹேச்சரி ஆய்வக உதவியாளர்,
மரக்காணம் அருகே, விழுப்புரம் மாவட்டம்.